ஆடிக்கொண்டே படித்த ஆலன் பேஜ்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலைப் பற்றி வெளியான செய்தியைப் படித்தேன். பந்தை எறிந்தவர் யார், எறிந்த பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடியவர் யார், இடைவேளையில் பாடியவர் யார் என்ற விவரங்கள் எல்லாம் அதில் இருந்தன. எதிரணியை ஓர் அடி கூட நகர விடாமல் மறித்து நிற்கும் தற்காப்பு வரிசை வீரர்களைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. அந்த வரிசையில் 15 ஆண்டுகள் நின்ற ஒரு மனிதரின் வாழ்க்கை, கொங்கு நாட்டில் கபடி ஆடுகிற பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும், எல்லோரையும்விட என்னைப் போன்ற பயிற்சியாளர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைப்பதால் இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நான் தாராபுரம், காங்கேயம் வட்டாரங்களின் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இன்றும் ஊரில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக் கொடுத்து வருகிறேன். என் மகள் மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரில் வேலையில் இருக்கிறாள். 2022ஆம் ஆண்டு நானும் என் மனைவியும் அங்கே போய் ஐந்து மாதங்கள் தங்கியிருந்தோம். பேரனைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போகும் வழியில், நகரின் தென்பகுதியில், ஒரு நடுநிலைப் பள்ளி இருந்தது. அதன் பெயர் ‘ஜஸ்டிஸ் பேஜ் நடுநிலைப் பள்ளி’. யாரோ ஒரு நீதிபதியின் பெயர் என்று நினைத்துப் பல நாள் கடந்து போயிருக்கிறேன். ஒரு நாள் மகளிடம் கேட்டபோதுதான், அவர் நீதிபதி ஆவதற்கு முன் மினசோட்டா வைகிங்ஸ் என்ற தொழில்முறை அணியின் தற்காப்பு வரிசையில் ஆடியவர் என்று சொன்னாள். ஆட்டக்காரரின் பெயரை மைதானத்துக்கு வைத்துப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு, அதுவும் நீதிபதி என்ற அடைமொழியோடு வைத்து நான் பார்த்ததில்லை. அன்று தொடங்கி ஊர் திரும்பும் வரை, அங்குள்ள நூலகத்தில் அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் மகளின் துணையோடு படித்துக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். அவர் பெயர் ஆலன் பேஜ்.

அவருடைய வேலை என்ன என்பதைச் சொன்னால்தான் மற்றவை விளங்கும். அந்த ஆட்டத்தில் பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும், முன்னேறாவிட்டால் பந்து கை மாறும். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் பின்னால் நிற்பார். அவருக்கு முன்னால் மலை போன்ற ஐந்து பேர் அரணாக நிற்பார்கள். அந்த அரணுக்கு நேர் எதிரே, மூக்குக்கு மூக்கு என்னும்படியான நெருக்கத்தில், ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்பவர்கள்தான் தற்காப்பு வரிசை வீரர்கள். பந்து அசைந்த அந்தக் கணத்தில் அவர்கள் எழும்பி, தம்மைவிடக் கனமான ஆளைத் தள்ளியோ சுற்றியோ கடந்து, எறியும் கை மேலே போவதற்குள் எறிபவரைப் பிடித்துக் கீழே சாய்க்க வேண்டும். அதற்குக் கிடைப்பது இரண்டு, மூன்று விநாடிகள்தான். நம் கபடியில் மூலையில் நிற்கும் கார்னர் வீரர், பாடி வருபவரின் முகத்தைப் பார்க்காமல் கணுக்காலையே பார்த்துக்கொண்டு குனிந்து நிற்பாரே, அந்த நிலையை நினைத்துக்கொண்டால் போதும்.

ஆலன் பேஜ் 1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் நாள் ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில் பிறந்தார். எஃகு ஆலைகள் நிறைந்த ஊர். அவருக்கு 13 வயதாக இருந்தபோது தாய் இறந்துவிட்டார். அந்த ஊரில் அவரைப் போன்ற கறுப்பினப் பிள்ளைகளுக்கு எதிரே தெரிந்த வழி, பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஆலைக்குள் நுழைவதுதான். ஒரே வேலையை நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் செய்கிற அந்த அழுக்கும் ஆபத்துமான வாழ்க்கை தமக்கு வேண்டாம் என்று சிறு வயதிலேயே முடிவு செய்ததாகவும், வழக்கறிஞர் ஆக வேண்டும் என்ற எண்ணம் தொடக்கப் பள்ளியில் படிக்கும்போதே வந்துவிட்டதாகவும் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். தறிச் சத்தத்தின் நடுவிலும் பனியன் கம்பெனியின் பஞ்சுத் தூசியிலும் வளர்ந்த நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் இதே முடிவை மனத்துக்குள் எடுத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். இன்னொரு செய்தி: தலைசிறந்த வீரர்களைச் சேர்த்துக் கௌரவிக்கும் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்க்கூடம் அந்தக் கேன்டன் நகரில்தான் கட்டப்பட்டது. அதன் அடித்தள வேலை நடந்தபோது அங்கே கட்டட வேலைக்குப் போன இளைஞர்களில் பேஜும் ஒருவர். 1963இல் திறக்கப்பட்ட அந்தக் கூடத்துக்குள், 25 ஆண்டுகள் கழித்து, அவரையே கௌரவித்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

நோட்ர டேம் பல்கலைக்கழக அணியில் ஆடிவிட்டு, 1967ஆம் ஆண்டு வீரர் தேர்வில் 15ஆவது ஆளாக வைகிங்ஸ் அணிக்கு வந்தார். 6 அடி 4 அங்குல உயரம், சுமார் 111 கிலோ எடை. நமக்கு அது பூதாகாரமான உடம்பாகத் தெரியலாம். வரிசையின் நடுவில் நிற்பவருக்கு அது பெரிய எடையில்லை. அவர் எடையை நம்பியவரல்லர். பந்து அசைந்ததும் முதல் அடியை மற்றவர்களுக்கு முன் எடுத்து வைக்கும் வேகத்தையே நம்பினார். அவரும் கார்ல் எல்லர், ஜிம் மார்ஷல், கேரி லார்சன் ஆகியோரும் சேர்ந்து நின்ற வரிசைக்கு, அணியின் ஊதா நிறச் சட்டையை வைத்து, ‘ஊதா நிற ஆள்விழுங்கிகள்’ என்று பொருள்படும் பெயரை அந்நாட்டு ரசிகர்கள் சூட்டினார்கள். கூரையில்லாத திறந்த மைதானம் அது. மினசோட்டாவின் டிசம்பர் குளிரில், பயிற்சியாளர் பட் கிரான்ட் தம் வீரர்கள் ஓரத்தில் கணப்பு வைத்துக்கொள்ளக் கூட அனுமதிக்கவில்லை. அக்டோபர் மாதக் காற்றுக்கே இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நடுங்கியவன் நான். அந்தக் குளிரில் கையைத் தரையில் ஊன்றி நின்றார்கள் என்பதை நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது.

1971ஆம் ஆண்டு, அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வழங்கும் மிகச் சிறந்த வீரர் விருது ஆலன் பேஜுக்குக் கிடைத்தது. அதற்கு முன் அந்த விருதைத் தற்காப்பு வீரர் எவரும் பெற்றதில்லை. அதன் பிறகும் 1986இல் லாரன்ஸ் டெய்லர் ஒருவர்தான் பெற்றிருக்கிறார். பந்தை எறிபவரை எறியும் முன்பே சாய்ப்பதை அவர்கள் ‘சாக்’ என்று சொல்வார்கள். தற்காப்பு வரிசை வீரருக்கு அதுதான் கோல், அதுதான் சதம். ஆனால் அந்தக் கணக்கை 1982ஆம் ஆண்டிலிருந்துதான் அதிகாரப்பூர்வமாக எழுதத் தொடங்கினார்கள். பேஜ் 1981இல் ஓய்வு பெற்றுவிட்டார். ஆகவே அதிகாரப்பூர்வப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே ஒன்றுகூடக் கிடையாது. 23 முறை எதிரணி தவறவிட்ட பந்தைக் கைப்பற்றியதும், எதிரணி உதைத்த பந்தை 28 முறை குறுக்கே பாய்ந்து தடுத்ததும், 218 ஆட்டங்களில் ஒன்றையும் தவறவிடாமல் தொடர்ந்து ஆடியதும்தான் எழுத்தில் இருக்கின்றன. நான்கு முறை அவருடைய அணி சூப்பர் பவுலுக்குப் போய் நான்கு முறையும் தோற்றது. இவ்வளவும் அவருடைய ஆட்ட வாழ்க்கை. நான் உள்ளபடி சொல்ல வந்தது இனிமேல்தான் இருக்கிறது.

ஆடத் தொடங்கிய காலத்திலேயே ஒரு சட்டக் கல்லூரியில் சேர்ந்து, சில வாரங்களிலேயே தாக்குப் பிடிக்க முடியாமல் விட்டுவிட்டார். அத்தோடு நின்றிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்; நாடே அறிந்த ஆட்டக்காரர், கையில் பணம், பெயர், புகழ். ஆனால் 1975இல், 30 வயதில், மினசோட்டா பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியில் மறுபடியும் சேர்ந்தார். அங்கே வகுப்புகள் இலையுதிர் காலத்தில் தொடங்கும். ஆட்டப் பருவமும் அதே இலையுதிர் காலத்தில்தான் தொடங்கும். வார இறுதியில் எதிராளியோடு மோதி உடம்பெல்லாம் கன்றிப் போயிருக்கும் நிலையில், அடுத்த நாளிலிருந்து ஒப்பந்தச் சட்டத்தையும் குற்றவியல் சட்டத்தையும் படிக்க உட்கார வேண்டும். இப்படி மூன்று ஆண்டுகள் முழுநேர ஆட்டக்காரராக இருந்துகொண்டே படித்து 1978இல் பட்டம் வாங்கினார்.

அதே 1978ஆம் ஆண்டு அக்டோபரில் வைகிங்ஸ் அணி அவரை வெளியே அனுப்பியது. அவர் அப்போது நெடுந்தூர ஓட்டத்தில் ஈடுபட்டிருந்தார். மனைவி டயேன் புகைப்பழக்கத்தை விடுவதற்காக ஓடத் தொடங்கியபோது துணைக்கு ஓடப் போனவர், அதிலேயே ஊறிப்போய் உடல் எடை ஏறத்தாழ 102 கிலோவுக்கு இறங்கியிருந்தது. இந்த எடையை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க முடியாது என்பது பயிற்சியாளரின் கருத்து. 11 ஆண்டுகளுக்கும் மேல் அந்த அணிக்காக ஆடியவரை, விலக்கப்பட்டவர்களுக்கான நடைமுறைக் கட்டணமாக வெறும் 100 டாலர் கட்டி, சிகாகோ பேர்ஸ் அணி எடுத்துக்கொண்டது. அந்தப் பக்கத்தைப் படித்தபோது நூலகத்தில் சற்று நேரம் குறிப்பெடுக்காமலே உட்கார்ந்திருந்தேன். 33 வயதில், பருவத்தின் நடுவில், ‘நீ வேண்டாம்’ என்று சொன்ன அந்த மாதத்தில், அவர் கையில் சட்டப் பட்டம் இருந்தது. சிகாகோவில் அந்தப் பருவத்தின் மீதியையும் அதற்குப் பின் மூன்று பருவங்களையும் ஆடினார்; 1979இலிருந்தே மினியாபொலிஸில் வழக்கறிஞர் வேலையும் பார்த்தார். அதே ஆண்டு ஒரு மாரத்தானையும் ஓடி முடித்தார். ஆட்டத்தில் இருக்கும்போதே மாரத்தான் ஓடி முடித்த முதல் தொழில்முறைக் கால்பந்து வீரர் அவர்தான். ஓய்வு பெறும் நாள் வந்தபோது அவர் புதிதாக எதையும் தேட வேண்டியிருக்கவில்லை.

ஐயா, நான் ஏன் இதில் இவ்வளவு நேரம் நிற்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என்னிடம் 90களின் நடுவில் ஒரு பையன் பயிற்சி பெற்றான். இரண்டு ஏக்கர் மேட்டாங்காடும் பத்துப் பதினைந்து ஆடுகளும் உள்ள குடும்பம். இடது கார்னரில் அவனைப் போல நின்று ஆடியவனை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. பாடி வருகிறவன் போனஸ் கோட்டைத் தாண்டக் காலை நீட்டுவான். கால் தரையில் படுவதற்கும் இவன் இரண்டு கையும் கணுக்காலில் பூட்டுப் போடுவதற்கும் இடையே கண் இமைக்க நேரம் இருக்காது. அவன் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருந்த வாரத்தில், வெளியூரில் ஒரு பெரிய போட்டி வந்தது. ஓர் ஆலையின் பெயரில் ஆடிய அணியினர் அவனைக் கேட்டார்கள். நன்றாக ஆடினால் வேலை போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். அவனுடைய அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்து, “ஏனுங்க சார், பரிச்சை இன்னும் ரெண்டு இருக்குதுங்களாமா. நீங்க என்ன சொல்றீங்களோ அதைச் செஞ்சுக்கலாமுங்க” என்றார். “பரீட்சையை அக்டோபரில் எழுதிக்கலாமுங்க, இந்த மாதிரிப் போட்டி திரும்ப வராதுங்க” என்று நான்தான் சொன்னேன். அந்த வார்த்தைக்கு நான் மட்டுமே பொறுப்பு.

அக்டோபரிலும் ஒரு போட்டி வந்தது. அடுத்த மார்ச்சிலும் வந்தது. அந்த இரண்டு பாடங்களை அவன் எழுதவே இல்லை. ஐந்தாறு ஆண்டுகள் திருவிழா தோறும், இரவு மின்னொளிப் போட்டி தோறும், கோயமுத்தூரிலிருந்து கரூர் வரை ஆடினான். ஓர் இரவு ஆட்டத்தில், வலது முழங்கால் தரையில் ஊன்றியிருக்கும்போது மேலே இரண்டு பேர் விழுந்தார்கள். எலும்பு வைத்தியரிடம் எண்ணெய்க்கட்டுப் போட்டார்கள். வீக்கம் வற்றியது, கிழிந்த தசைநார் சேரவில்லை. வேலை தருவதாகச் சொன்னவர்கள் அதன் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. அவர்கள் வாக்குத் தவறினார்கள் என்றாலும், விண்ணப்பம் போட்டு வேறொரு வேலை தேடிக்கொள்ளவாவது வழி இருந்திருக்க வேண்டாமா? விளையாட்டு வீரர்களுக்கான இடஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம் என்று சான்றிதழ்களை எல்லாம் அடுக்கிக்கொண்டு போனோம். கோப்பையும் சான்றிதழும் எத்தனை இருந்தாலும் அந்தந்த வேலைக்குரிய படிப்பும் இருந்தாக வேண்டும் என்ற விதியை, நான் அன்றைக்குத்தான் முழுமையாகப் படித்தேன். அவனுக்கு இரண்டு பாடம் குறைந்தது.

இன்று அவர் வெள்ளகோவில் பக்கம் ஒரு தறிக்குடோனில் வேலை பார்க்கிறார். அமெரிக்காவிலிருந்து திரும்பியதும் அவரைப் பார்க்கப் போனேன். எட்டுத் தறிகள் ஓடும் சத்தத்தில் நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. உடம்பின் பாரம் முழுவதையும் இடது காலில் போட்டு நின்றபடி, ஊடைநூல் சுற்றிய தார் தீர்ந்த நாடாவை எடுத்து, புதுத் தாரைப் போட்டு, தறியை ஓட்டிவிட்டார். கை மட்டும் அன்றைய வேகத்தில் அப்படியே இருந்தது. கார்னர் பிடித்துப் பிடித்துப் பிசகிய சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் வெளிப்பக்கமாகத் திரும்பி நின்றது. ஆலன் பேஜின் சுண்டுவிரலும் அப்படித்தான் இருக்கிறது. ஆட்டத்தில் மூட்டு விலகி விலகி, கிட்டத்தட்ட செங்கோணமாக வெளியே வளைந்து போயிருக்கிறது. பள்ளிகளுக்குப் போகும்போது பிள்ளைகள் முதலில் கேட்பது அந்த விரலைப் பற்றித்தானாம். அதைப் பற்றித் தம் மகளோடு சேர்ந்து குழந்தைகளுக்காக ஒரு நூலே எழுதியிருக்கிறார். பேஜின் விரல் படத்தை என் கைப்பேசியில் என் பழைய மாணவருக்குக் காட்டினேன். அவர் தம் விரலையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பழையதைப் பேச வாயெடுத்தபோது, “போச்சாதுங்க சார், அதையெல்லாம் நீங்க மனசுல வெச்சுக்காதீங்க” என்று தடுத்துவிட்டார். அவர் பெரிய மனதோடு சொல்கிறார் என்பதற்காக நான் அதை மனத்திலிருந்து இறக்கி வைத்துவிட முடியாது.

இப்போது கபடியில் கோடிகள் புழங்குகின்றன, இனிப் படிப்பு எதற்கு என்று கேட்கும் பெற்றோரைச் சந்திக்கிறேன். 2014இல் புரோ கபடி லீக் தொடங்கிய பிறகு, 2017இல் தமிழ் தலைவாஸ் அணி வந்த பிறகு, இந்தக் கேள்வி கூடிவிட்டது. 2022ஆம் ஆண்டு அந்த அணி பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு ஏலம் எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்காலில் அடிபட்டு, அந்தப் பருவம் முழுவதும் ஆட முடியாமல் போனது. அவருக்கு உயர்ந்த சிகிச்சை கிடைத்தது. அடுத்த ஆண்டே மீண்டு வந்து, ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணிக்குத் தலைமை ஏற்றார். அமெரிக்காவிலும் நம் காலத்தில் ஆரன் டொனால்ட் என்ற தற்காப்பு வரிசை வீரர், 2018இல் ஆறு ஆண்டுகளுக்கு 13.5 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மூன்று முறை ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர் விருது வாங்கி, 2024இல் 32 வயதில் தாமாகவே ஓய்வு பெற்றார். அவர்களைப் பார்த்து நம் பிள்ளைகள் ஆசைப்படுவது இயல்புதான், நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் எங்கள் வட்டாரத்தில் மின்னொளியில் ஆடும் ஒரு பையனுக்கு முழங்கால் போனால், அவன் வீட்டில் விற்பதற்கு ஆடுதான் இருக்கிறது.

பேஜ் அதன் பிறகு என்ன ஆனார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாநில அரசின் உதவித் தலைமை வழக்கறிஞராக இருந்தார். 1992இல் மினசோட்டா உச்ச நீதிமன்ற நீதிபதி தேர்தலில் நிற்க முன்வந்தார். அங்கே அந்தப் பதவிக்கு மக்கள் வாக்களிக்கிறார்கள். பதவியில் இருந்தவரின் காலத்தை ஆளுநர் நீட்டித்து, தேர்தலே இல்லை என்றாக்கியபோது, அதை எதிர்த்து வழக்குத் தொடுத்து வென்று, தேர்தலை நடத்த வைத்து, அதில் நின்று வெற்றியும் பெற்றார். அந்த நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பின நீதிபதி அவர். 70 வயதில் கட்டாய ஓய்வு வரும் வரை, 2015 வரை, அந்த நாற்காலியில் இருந்தார். 2018இல் அந்நாட்டுக் குடிமக்களுக்குரிய மிக உயர்ந்த விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. பள்ளியின் பெயரைச் சொல்லாமல் விடக் கூடாது. அந்தப் பள்ளிக்கு முதலில் அலெக்சாண்டர் ராம்சே என்ற பழைய ஆளுநரின் பெயர் இருந்தது. டகோட்டா பழங்குடி மக்களை அழித்தொழிக்க வேண்டும் அல்லது எல்லைக்கு அப்பால் விரட்ட வேண்டும் என்று 1862இல் பேசியவர் அவர் என்பதைப் படித்தறிந்த மாணவர்கள், அந்தப் பெயரில் படிக்க மாட்டோம் என்று பேசிப் போராடி, 2017இல் பேஜின் பெயரை வைக்கச் செய்தார்கள்.

நான் மிகவும் மதிப்பது அவருடைய 1988ஆம் ஆண்டை. அந்த ஆண்டு அவரைப் புகழ்க்கூடத்தில் சேர்த்தபோது, வழக்கமாகப் பயிற்சியாளரையோ சக வீரரையோ அழைத்துத் தம்மை அறிமுகம் செய்ய வைக்கும் இடத்தில், மினியாபொலிஸ் நகரின் ஓர் உயர்நிலைப் பள்ளி முதல்வரான வில்லரீன் பீஸ்லி என்ற அம்மையாரை அழைத்து வந்தார். தம் உரையில் ஆட்டப் பெருமை பேசாமல், கல்வியைப் பற்றிப் பேசினார். அணியின் ஆட்டத் திட்டங்கள் எழுதிய ஏட்டை ஒருவர் பின் ஒருவராக வாய்விட்டு வாசிக்கச் சொன்னபோது, கல்லூரி வரை போய்வந்த சக வீரர்களில் சிலரால் அதை வாசிக்க முடியாமல் போனதைச் சொன்னார். நன்றாக ஆடுகிறான் என்பதற்காக ஒவ்வொரு வகுப்பிலும் அவர்களை மேலே தள்ளிவிட்ட ஆசிரியர்கள் இருந்திருக்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள். அதைப் படித்தபோது என் முகத்தில் அறைந்தது போல இருந்தது. போட்டிக்குப் போய் வந்த பையனுக்கு வருகைப் பதிவும் உள்மதிப்பெண்ணும் போட்டுக் கொடுங்கள் என்று சக ஆசிரியர்களிடம் நானே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். விட்டுப்போன பாடத்தை அவனுக்கு நடத்துங்கள் என்று ஒரு முறையும் கேட்டதில்லை. அதே 1988இல் பேஜும் அவர் மனைவியும் ஒரு கல்வி அறக்கட்டளை தொடங்கினார்கள். மேற்படிப்புக்கு அதில் உதவி பெறும் மாணவர், ஆண்டுக்கு 50 மணி நேரம் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்காமல் இப்படி ஒரு கடமையையும் சேர்த்து வைத்தது மிகச் சரியான ஏற்பாடு என்பது என் கருத்து. இன்றும் அந்த ஊரில் மாரத்தான் நடக்கும் நாளில், ஓடுகிறவர்களை உற்சாகப்படுத்தத் தெருவோரம் நின்று சூசஃபோன் என்ற பெரிய ஊதுகுழலை வாசிப்பாராம். என் மகள் பார்த்திருக்கிறாள்.

இவரைப் போல எல்லோராலும் முடியுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி ஆவது ஆயிரத்தில் ஒருவருக்குக் கூட வாய்க்காது. நான் கேட்பது இரண்டு பாடங்கள். ஆட்டம் நடக்கிற அதே மாதத்தில் புத்தகத்தையும் திறக்க முடியும் என்பதை உலகத்திலேயே மிகக் கடுமையான ஆட்டங்களில் ஒன்றை ஆடிய மனிதர் செய்து காட்டியிருக்கும்போது, நம் பிள்ளைகளால் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்க முடியாது என்று நாம் சொல்வதற்கு நியாயம் இல்லை. ‘ஆட்டத்தை முடித்துவிட்டுப் படித்துக்கொள்ளலாம்’ என்று சொல்லும் பயிற்சியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது நடக்காது என்பதை நான் கண்ணால் கண்டுவிட்டேன். அதே போல, படிப்பு கெட்டுவிடும் என்று பிள்ளையை மைதானத்துக்கே அனுப்பாமல், காலையில் ஒரு டியூஷன், மாலையில் ஒரு டியூஷன் என்று அடைத்து வைக்கும் பெற்றோருக்கும் பேஜின் வாழ்க்கை பதில் சொல்கிறது.

கொங்கு நாட்டில் பெரும்பாலான மாரியம்மன் நோம்பிகள் மாசியிலும் பங்குனியிலும்தான் வருகின்றன. கம்பம் நட்டுப் பூச்சாட்டியது முதல் ஊரே உறங்குவதில்லை. அதையொட்டித்தான் மின்னொளிக் கபடியும் வைக்கிறோம். பொதுத்தேர்வும் அதே மார்ச் மாதத்தில் வருகிறது. சாமி காரியத்தின் நாளை மாற்றச் சொல்ல நான் யார்? ஆனால் கபடிக்குச் சாத்திரம் ஒன்றும் நாள் குறிக்கவில்லை. தேர்வு முடிந்து சித்திரையில் வைத்தால் கூட்டம் குறையாது, மைதானமும் காய்ந்து நன்றாக இருக்கும். எங்கள் ஊரில் விழாக் கமிட்டியாரிடம் கேட்டேன்; முதலில் தயங்கினார்கள், பின்பு பள்ளிப் பிள்ளைகள் ஆடும் பிரிவை மட்டும் தேர்வுக்குப் பின் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், விளக்குப் போட்டதும் முதல் முக்கால் மணி நேரம் மைதானத்தின் ஓரத்தில் புத்தகத்தோடு உட்கார வேண்டும் என்ற விதியையும் இரண்டு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். கணக்குப் பாடத்துக்கு ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தாமாகவே வந்து உட்காருகிறார். ஒரு பையன் கோபித்துக்கொண்டு வேறு அணிக்குப் போய்விட்டான், மற்றவர்கள் இருக்கிறார்கள்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். கோப்பையோடு நிற்கும் படங்களைப் போடுங்கள். நம் பிள்ளைகள் அதை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். அதோடு வாரம் ஒரு முறையாவது, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஆடியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எப்படிப் பிழைக்கிறார்கள், எதைப் படித்தார்கள், எதை விட்டார்கள் என்று அவர்களையே பேசச் செய்து எழுதுங்கள். நல்ல வேலையில் இருப்பவர்களையும் எழுதுங்கள், இல்லாதவர்களையும் எழுதுங்கள். நான் மேலே சொன்ன இடது கார்னர் வீரர் பேசச் சம்மதித்திருக்கிறார். மற்ற நாள்களில் தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தறி நிற்கும், அன்றைக்கு நிருபரை அனுப்பினால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
தாராபுரம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.